எல்எல்எம்மும் சால்வரும் சேர்ந்து தப்பான பதில் தந்தால்: அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் முறை

பயனர் கேட்பதை எல்எல்எம் (பெரிய மொழி மாடல்) தர்க்க மொழியில் எழுதித் தரும். இசட்3, ப்ரோலாக், கிளிங்கோ போன்ற ஒரு சால்வர் (கொடுத்த நிபந்தனைகளை வைத்துத் தர்க்கப்படி விடை தேடும் மென்பொருள்) அதற்கு விடை காணும். அந்த விடையை எல்எல்எம் மறுபடி சாதாரண வாக்கியமாக்கிச் சொல்லும். இப்படி ஒரு அமைப்பைக் கட்டியவர்கள் கொண்டு வரும் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில், அவை இரு கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்குவது தெரிந்துவிட்டது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் கீழே உள்ள முதல் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

## எதைத் தொடுவதற்கும் முன்னால்

ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றைச் சேமியுங்கள்: பயனர் எழுதிய மூலக் கேள்வி, எல்எல்எம் எழுதிய தர்க்க நிரல், சால்வர் கொடுத்த வெளியீடு அப்படியே. பலர் கேள்வியையும் கடைசிப் பதிலையும் மட்டும் வைத்துக்கொண்டு "பெரிய மாடலுக்கு மாறலாமா?" என்று கேட்கிறார்கள். நடுவில் இருக்கும் நிரலை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். குற்றவாளி அனேகமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், கையால் போட்டு விடை தெரிந்த ஐந்தாறு சின்னக் கேள்விகள் வேண்டும். சிலவற்றுக்கு விடை "ஆம்", சிலவற்றுக்கு "இல்லை", குறைந்தது ஒன்றுக்கு "கொடுத்த தகவலை வைத்துச் சொல்ல முடியாது". இந்தக் கடைசி வகை இல்லாத சோதனைத் தொகுப்பு பாதிக் கோளாறுகளைக் காட்டிக்கொடுக்காது.

## அறிகுறி: நிரல் ஓடவே இல்லை, தொடரியல் பிழை வருகிறது

இருப்பதிலேயே எளிது இதுதான்.

முதலில், நிரலுக்கு முன்னும் பின்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். "இதோ உங்கள் நிரல்" என்ற வரவேற்புரை, மூன்று பின்சாய்வு மேற்கோள் குறிகள், கடைசியில் ஒரு விளக்கப் பத்தி. இவற்றை வெட்டி எறிய நாலு வரி நிரல் போதும்.

அடுத்தது பதிப்பு. கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் மொழியைப் பயன்படுத்துபவர்களுக்கு இது தீராத தலைவலி. லீன் 3-இன் தொடரியலும் லீன் 4-இன் தொடரியலும் மாடலின் நினைவில் கலந்து கிடக்கின்றன. லீனின் கணித நூலகமான மேத்லிப், லீன் 4-க்கு முழுமையாக மாறியது 2023-இல். அதற்குப் பிறகும் தேற்றங்களின் பெயர்கள் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. நீங்கள் வைத்திருக்கும் பதிப்பில் உண்மையில் ஓடிய மூன்று நான்கு எடுத்துக்காட்டுகளை ப்ராம்ப்டிலேயே (மாடலுக்கு அனுப்பும் கட்டளை உரையில்) வைத்துவிடுங்கள். "லீன் 4-இல் எழுது" என்று சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

ப்ரோலாக்கில் தமிழ்ப் பெயர்களை விட்டால் வேறொரு சிக்கல். அங்கே மாறியின் பெயர் பெரிய எழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்க வேண்டும். தமிழில் பெரிய எழுத்து ஏது? ஆகவே தமிழில் எழுதிய ஒவ்வொரு மாறியும் சத்தமில்லாமல் ஒரு மாறிலியாகிவிடும். பல சமயம் பிழைச் செய்தி கூட வராது, எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றுதான் வரும். மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு போடச் சொல்லுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், பிழைச் செய்தியை எல்எல்எம்முக்கே திருப்பி அனுப்பித் திருத்தச் சொல்லலாம். இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: மாடல் எப்படியாவது நிரலை ஓட வைக்கப் பார்க்கும், தகராறு செய்யும் நிபந்தனையையே நீக்கிவிட்டால் நிரல் ஓடிவிடும். திருத்தத்துக்கு முன் எத்தனை நிபந்தனைகள், பின் எத்தனை என்று எண்ணுங்கள். குறைந்திருந்தால் அந்தத் திருத்தத்தைக் குப்பையில் போடுங்கள்.

செலவு கூடிய தீர்வு, ஆனால் நான் பரிந்துரைப்பது: எல்எல்எம்மை நிரல் எழுதவே விடாதீர்கள். ஒரு ஜேசான் படிவத்தை (பெயரும் மதிப்புமாக எழுதும் தரவு வடிவம்) நிரப்பச் சொல்லுங்கள், நிபந்தனைகளை உங்கள் சொந்த நிரல் உருவாக்கட்டும். பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. மாடல் எழுதிய பைத்தானை அப்படியே ஓட்டுவது, முகம் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல. பைத்தானின் கணித நூலகமான சிம்பையில், சரத்தைக் கோவையாக்கும் சிம்பிஃபை கூட உள்ளுக்குள் ஈவால் (சரத்தை நிரலாக ஓட்டும் கட்டளை) பயன்படுத்துகிறது. வெளியிலிருந்து வரும் சரத்தை அதற்குள் போடாதீர்கள்.

## அறிகுறி: நிரல் ஓடுகிறது, பதில் தப்பு

இங்கேதான் நாட்கள் கரையும். எப்படித் தப்பாகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

### எதைக் கேட்டாலும் "நிரூபணமாகிவிட்டது" என்கிறது

கேள்வியைத் தலைகீழாக்கிக் கேளுங்கள். "இவருக்குத் தகுதி உண்டா?" என்பதற்கும் ஆம், "இவருக்குத் தகுதி இல்லையா?" என்பதற்கும் ஆம் என்றால், உங்கள் முன்கூற்றுகள் (சால்வருக்குக் கொடுத்த விதிகளும் தகவல்களும்) தமக்குள்ளேயே முரண்படுகின்றன. முரண்பட்ட முன்கூற்றுகளிலிருந்து எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம்.

சோதனை: கேள்வியை நீக்கிவிட்டு முன்கூற்றுகளை மட்டும் சால்வரிடம் கொடுங்கள். அன்சாட் (எல்லா நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்ற விடை) வந்தால் முரண் உறுதி. பிறகு ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஒரு பெயர் வைத்துக் கண்காணிக்கச் சொல்லி, அன்சாட் கோர் கேளுங்கள். எந்த நிபந்தனைகள் மோதுகின்றன என்று பெயரோடு சொல்லிவிடும். இசட்3 இயல்பாகக் கொடுக்கும் கோர் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதில்லை; சுருக்குவதற்குத் தனி அமைப்பு உண்டு, அதை இயக்கினால் படிக்க எளிது.

மோதும் இரண்டு விதிகளையும் மூல ஆவணத்தில் தேடுங்கள். எல்எல்எம் தப்பாக எழுதியிருந்தால் அதைத் திருத்துங்கள். மூல ஆவணத்திலேயே இரண்டும் மோதினால் நிரலாளர் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எந்த விதி மேலோங்கும் என்று முடிவு செய்யும் உரிமை அந்த விதிகளை எழுதியவருக்குத்தான். அவரைக் கூப்பிடுங்கள். ப்ராம்ப்டில் "முரண் வந்தால் நீயே முடிவு செய்" என்று எழுதி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம்.

### எதைக் கேட்டாலும் "ஆம், சரிதான்" என்கிறது

இதற்கு இரண்டு காரணங்கள், இரண்டும் சர்வசாதாரணம்.

ஒன்று, சாட் என்பதை "நிரூபணமானது" என்று படித்துவிடுவது. சாட் என்றால் "அப்படி இருக்க வாய்ப்புண்டு" என்றுதான் பொருள். ஒரு முடிவு கட்டாயம் உண்மை என்று காட்ட, அந்த முடிவின் மறுப்பை முன்கூற்றுகளோடு சேர்த்து ஓட்டி அன்சாட் வர வேண்டும். எப்போதும் இரண்டு தடவை ஓட்டுங்கள்: முடிவோடு ஒரு தடவை, மறுப்போடு ஒரு தடவை. முதலாவது சாட், இரண்டாவது அன்சாட் என்றால் ஆம். முதலாவது அன்சாட், இரண்டாவது சாட் என்றால் இல்லை. இரண்டும் சாட் என்றால் தகவல் போதவில்லை. இரண்டும் அன்சாட் என்றால் மேலே உள்ள தலைப்புக்குப் போங்கள்.

மற்றது, நிபந்தனைகள் வழியில் காணாமல் போவது. இசட்3-ஐப் பைத்தான் வழியாகப் பயன்படுத்துபவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம். பைத்தானின் சொந்தச் சொற்களான ஆண்ட், ஆர், நாட் (மற்றும், அல்லது, இல்லை) ஆகியவற்றை இசட்3 கோவைகளில் பயன்படுத்தக் கூடாது. பெரிய எழுத்தில் தொடங்கும் இசட்3-இன் ஆண்ட், ஆர், நாட் செயற்கூறுகளைத்தான் பயன்படுத்த வேண்டும். எல்எல்எம்முக்குப் பைத்தான் பழக்கம் அதிகம், அது மறந்துவிடும். பெரியது, சிறியது என்ற ஒப்பீட்டில் இப்படி எழுதினால் பிழைச் செய்தி வந்து காப்பாற்றும். சமக்குறியில் எழுதினால் செய்தி ஏதும் வராது. "ஷிஃப்ட் == 1 ஆர் ஷிஃப்ட் == 2" என்பதில் முதல் பாதி உதிர்ந்து "ஷிஃப்ட் == 2" மட்டும் மிஞ்சும். "எக்ஸ் == 1 ஆண்ட் ஒய் > 2" என்பதில் ஒய் பற்றிய பகுதி போய்விடும். "நாட் (அ == ஆ)" என்றால் இன்னும் மோசம்: அது வெறும் "உண்மை" ஆகிவிடும், அதாவது நிபந்தனையே இல்லை. பகையாளிகள் இருவரை ஒரே ஷிஃப்டில் போடக் கூடாது என்ற விதி இப்படித்தான் ஒரு பணி அட்டவணையில் ஆவியானது. இரண்டு நாள் மாடலைத் திட்டிய பிறகுதான் நிரலைத் திறந்தோம்.

சோதனை: சால்வருக்குள் உண்மையில் போய்ச் சேர்ந்த நிபந்தனைகளை அச்சிட்டுப் பாருங்கள். எல்எல்எம் எழுதிய நிரலைப் படிப்பது போதாது, உள்ளே போனதைப் படிக்க வேண்டும்.

### சில கேள்விகளுக்கு மட்டும் தப்பு

மொழிபெயர்ப்புப் பிழை. இயல்பான பேச்சைத் தர்க்கமாக்குவதுதான் இந்த அமைப்பு முழுவதிலும் பலவீனமான கண்ணி. 2024-இல் கூகுள் டீப்மைண்டின் ஆல்ஃபாப்ரூஃப் என்ற ஏஐ அமைப்பு சர்வதேசக் கணித ஒலிம்பியாட் கணக்குகளைப் போட்டபோது கூட, கணக்குகளை முறைசார் மொழிக்கு (லீன் போன்ற தர்க்க மொழி) மாற்றியது மனிதர்கள்தான். நாம் அந்த வேலையைத்தான் மாடலிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்காருகிறோம்.

தமிழ் உள்ளீடு என்றால் முதலில் இந்தச் சொற்கள் வரும் வாக்கியங்களைப் பொறுக்கி எடுங்கள்.

"மட்டும்". "உறுப்பினர்கள் மட்டும் புத்தகம் எடுக்கலாம்" என்பதை மாடல் "உறுப்பினர் என்றால் எடுக்கலாம்" என்று எழுதும். விதி சொல்வது "எடுக்கிறார் என்றால் அவர் உறுப்பினர்" என்பது. அம்பு திரும்பிவிட்டது.

"எல்லோரும் வரவில்லை". யாருமே வரவில்லையா, சிலர் வரவில்லையா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். மாடல் கேட்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடும்.

"தவிர", "வரை", "மேற்பட்ட". 60 வயதுக்கு மேற்பட்டவர் என்றால் சரியாக 60 முடிந்தவர் உள்ளே வருவாரா? 10-ஆம் தேதி வரை என்றால் 10-ஆம் தேதி சேர்த்தியா? இதை மாடலின் ஊகத்துக்கு விடாமல், எல்லை எண்ணையே உள்ளீடாக வைத்து ஒரு சோதனைக் கேள்வி எழுதி வையுங்கள்.

எல்லா மொழிக்கும் பொதுவான இரண்டு பிழைகளும் உண்டு. "எல்லா மாணவர்களும் தேர்ச்சி பெற்றனர்" என்பதில் "என்றால்" வர வேண்டிய இடத்தில் "மற்றும்" போட்டால், உலகத்தில் உள்ள எல்லாமே மாணவராகிவிடும். "சில மாணவர்கள்" என்பதில் "மற்றும்" வர வேண்டிய இடத்தில் "என்றால்" போட்டால், மாணவரே இல்லாத உலகிலும் அது உண்மையாகிவிடும்.

அடுத்து பெயர்கள். "மாணவர்", "மாணவர்கள்", "மாணவருக்கு" மூன்றும் மூன்று தனிக் குறியீடுகளாகிவிட்டனவா? சால்வருக்கு அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. அனுமதித்த குறியீடுகளின் பட்டியலை முன்பே கொடுத்து, அதில் இல்லாத பெயர் வந்தால் நிரலை நிராகரியுங்கள். பெயர்கள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தும் பொருந்தவில்லையா? யூனிகோடைப் பாருங்கள். "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டு துண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. உள்ளே வரும் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே சீர் வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் "ஔ" என்பதற்குப் பதிலாக ஒ-வும் ள-வும் சேர்த்துத் தட்டியிருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது.

ஆட்களின் பெயரிலும் கவனம். இசட்3-இல் இரண்டு பெயர்கள் இரண்டு வேறு ஆட்கள் என்று நீங்கள் சொல்லாவிட்டால், இருவரையும் ஒருவராக்கி விடை கண்டுபிடிக்க அதற்கு உரிமை உண்டு. எல்லோரும் வெவ்வேறு என்பதை வெளிப்படையாக எழுத வேண்டும். ப்ரோலாக்கில் பெயர் வேறென்றால் ஆளும் வேறுதான். அதேபோல், சொல்லப்படாத தகவலை ப்ரோலாக் பொய்யாக எடுத்துக்கொள்ளும், இசட்3 திறந்தே விட்டுவிடும். ஒரு சால்வருக்காக எழுதிய ப்ராம்ப்டை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கி வைத்தவர்கள் இங்கேதான் சிக்குவார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஒரே வகை வாக்கியம் திரும்பத் திரும்பத் தப்பாகிறதா? அந்த வகையில் ஒரு இருபது முப்பது வாக்கியங்களைக் கையால் மொழிபெயர்த்து ப்ராம்ப்டில் சேருங்கள். மாடலுக்குத் தனிப் பயிற்சி கொடுப்பது அதற்கும் பிறகுதான். மூல வாக்கியத்துக்கு என்ன பொருள் என்பதில் உங்கள் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லையென்றால், தர்க்கம் தெரிந்த ஒருவரையும் அந்தத் துறை தெரிந்த ஒருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது.

### எண்கள் மட்டும் தப்பு

முழு எண்ணா, மெய்யெண்ணா என்று பாருங்கள். இசட்3-இல் முழு எண் மாறிகளை வகுத்தால் முழு எண் வகுத்தல்தான் நடக்கும், 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3.

பின்னங்களையும் பாருங்கள். 1/3 என்று எழுதினால் சால்வரிடம் போவதற்கு முன்பே பைத்தான் அதைத் தசமமாக்கிவிடும், பிறகு மூன்று மடங்கு 1 ஆகாது, அன்சாட் வரும். பின்னமாகவே கொடுக்கும் வழியைப் பயன்படுத்துங்கள்.

பூச்சியத்தால் வகுத்தால் இசட்3 பிழை சொல்லாது. தனக்கு வசதியான எந்த மதிப்பையும் வைத்துக்கொள்ளும். வகுஎண் பூச்சியமில்லை என்ற நிபந்தனையை நீங்களே சேர்க்க வேண்டும். லீனில் இயல் எண்களில் 3 - 5 என்பது 0, எதையும் 0-ஆல் வகுத்தால் 0.

## அறிகுறி: சால்வர் முடிவே சொல்லவில்லை, அல்லது "அன்னோன்" (தெரியவில்லை) என்கிறது

எல்லாவற்றுக்கும் அன்னோன் வருகிறது என்றால் நேர வரம்பைப் பாருங்கள். இசட்3-இல் அது மில்லிவிநாடி. ஐந்து விநாடி என்று நினைத்து 5 போட்டிருப்பார்கள்.

வரம்பே இல்லாமல் தொங்குகிறது என்றால் முதலில் வரம்பு வையுங்கள். ப்ரோலாக் என்றால், "மூதாதை" போன்ற உறவின் விதி தன்னையே முதல் இலக்காக அழைக்கிறதா பாருங்கள். எல்எல்எம் எழுதும் ப்ரோலாக்கில் இந்த இடது மீள்சுழல் அடிக்கடி வரும். விதிக்குள் இருக்கும் இலக்குகளின் வரிசையை மாற்றி, தன்னையே அழைப்பதைக் கடைசிக்குத் தள்ளலாம். எஸ்டபிள்யூஐ-ப்ரோலாக்கில் அந்த உறவுக்கு டேபிளிங் (கண்ட விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் முறை) அறிவிப்பு போட்டாலும் தீரும்.

கிளிங்கோவில் நினைவகம் நிரம்பிச் செத்துப்போனால், எண் வரம்பைப் பாருங்கள். அது எல்லா மதிப்புகளையும் விரித்து எழுதிவிட்டுத்தான் தேடத் தொடங்கும். விநாடிக் கணக்கில் நேரத்தைக் கொடுத்திருந்தால் நிமிடமாக்குங்கள், கால் மணி ஆனாலும் போதுமென்றால் அதுவே.

மாறியை மாறியால் பெருக்கும் நிபந்தனை இருக்கிறதா? முழு எண்களில் அப்படிப்பட்ட எல்லாச் சமன்பாடுகளுக்கும் விடை சொல்லும் பொது வழி கிடையாது என்று 1970-லேயே நிரூபணமாகிவிட்டது. எந்த சால்வரும் சில சமயம் கைவிரிக்கும். மாறிகளில் ஒன்றுக்குச் சில மதிப்புகள்தான் உண்டென்றால் ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுங்கள். "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று சொல்லும் நிபந்தனை இருந்து, பொருட்களின் எண்ணிக்கை சிறியதென்றால், அதையும் தனித்தனி நிபந்தனைகளாக விரித்துவிடலாம். இதற்குப் பிறகும் அன்னோன் என்றால் ப்ராம்ப்டை நோண்டிப் பயனில்லை. சிக்கலையே வேறு வடிவில் எழுத வேண்டும், அதற்கு முறைசார் சரிபார்ப்பில் அனுபவம் உள்ளவர் வேண்டும்.

## அறிகுறி: ஒரே கேள்வி, ஒவ்வொரு தடவையும் வேறு பதில்

ஒரே கேள்வியை இருபது தடவை ஓட்டி, சேமித்த நிரல்களை ஒப்பிடுங்கள். நிரல் மாறினால் காரணம் எல்எல்எம். மாடலின் வெப்பநிலை என்ற அமைப்பை (பதிலில் எவ்வளவு தற்செயல் கலக்கும் என்பதை அது தீர்மானிக்கும்) பூச்சியமாக்குங்கள், இருந்தாலும் முழுக்க ஒரே மாதிரி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பல நிரல்களை எழுத வைத்துப் பெரும்பான்மை விடையை எடுப்பது உதவும், ஆனால் "மட்டும்" போன்ற இடங்களில் இருபதும் ஒரே தப்பைச் செய்யும்.

நிரல் ஒன்றாகவே இருந்து விடை மட்டும் மாறினால், அனேகமாகக் கோளாறே இல்லை. பல சரியான விடைகள் உள்ள கேள்விக்கு சால்வர் ஏதோ ஒன்றைத் தருகிறது. உங்களுக்கு எது சிறந்தது என்பதை அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

## அறிகுறி: சால்வர் சொன்னது சரி, பயனருக்குப் போன வாக்கியம் தப்பு

சேமித்த மூன்றாவது கோப்பும் (சால்வரின் வெளியீடு) கடைசி வாக்கியமும் ஒத்துப்போகின்றனவா பாருங்கள். அன்சாட் என்பதை "பிழை ஏற்பட்டது" என்றும், அன்னோனை "இல்லை" என்றும் மாடல் சொல்லியிருக்கும். அல்லது சால்வரின் விடை தன் பொது அறிவுக்கு ஒவ்வவில்லை என்று தானே ஒரு விடையைப் போட்டிருக்கும்.

முடிவுச் சொல்லை வார்ப்புரு நிரப்பட்டும். எல்எல்எம் விளக்கத்தை மட்டும் எழுதட்டும். விளக்கத்தில் வரும் ஒவ்வொரு எண்ணும் பெயரும் சால்வரின் வெளியீட்டில் இருக்கிறதா என்று ஒரு சின்ன நிரலால் சோதியுங்கள். பணம், மருத்துவம், ஒருவரின் தகுதி போன்றவற்றைத் தீர்மானிக்கும் பதில் என்றால் இந்தச் சோதனை மட்டும் போதாது. அந்தத் துறை ஆள் ஒருவர் பார்த்த பிறகே வெளியே விடுங்கள்.

## அறிகுறி: லீன் ஏற்றுக்கொண்டது, ஆனால் நம்ப முடியவில்லை

சாரி (sorry) என்ற சொல்லைத் தேடுங்கள்; நிரூபிக்காமல் விட்ட இடத்தில் போடும் சொல் அது. நிரூபணத்தின் நடுவில் அது இருந்தால் லீன் எச்சரிக்கைதான் தரும், பிழை தராது. உங்கள் அமைப்பு எச்சரிக்கைகளை விழுங்கிக்கொண்டிருக்கலாம். தேற்றம் எந்த அடிப்படைக் கூற்றுகளைச் சார்ந்திருக்கிறது என்று அச்சிடும் கட்டளையை ஒவ்வொரு நிரூபணத்துக்குப் பிறகும் ஓட்டுங்கள். அதில் சாரிஆக்ஸ் (சாரி விட்டுச்செல்லும் தடயம்) என்றோ, மாடல் தானே அறிவித்துக்கொண்ட ஏதாவது ஒன்றோ தெரிந்தால் நிரூபணம் செல்லாது.

இரண்டும் சுத்தம் என்றால் தேற்றத்தின் கூற்றை மட்டும் படியுங்கள், நிரூபணத்தை விட்டுவிடுங்கள். நிரூபணத்தை லீன் பார்த்துக்கொள்ளும். நீங்கள் கேட்டதைத்தான் அந்தக் கூற்று சொல்கிறதா என்பதை அது பார்க்காது. கூற்றைப் படித்துப் புரியவில்லையென்றால் லீன் தெரிந்த ஒருவரிடம் அந்த ஒரு வரியைக் காட்டுங்கள். முழு நிரூபணத்தையும் அனுப்பி அவர் பொழுதைக் கெடுக்க வேண்டாம்.